தலைக்கட்டு வரி போட்டு ஒரு செய்தி நிறுவனம்: ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கு

எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டம் ஒன்றில் 62 தீர்மானங்கள் பதினோரு நிமிடத்தில் நிறைவேறின. எழுத்தர் பொருள் எண்ணை மட்டும் வாசிப்பார், முன்வரிசையிலிருந்து "ஆல் பாஸ்" என்று ஒரு குரல் வரும், உடனே அடுத்த எண். முடிந்ததும் டீ, மிக்சர். நிருபர்கள் பெஞ்சில் அன்று ஆறு பேர் இருந்தோம். மறுநாள் ஆறு பேர் எழுதியதும் ஒரே செய்திதான்: இரண்டு கவுன்சிலர்களுக்குள் நடந்த வாய்த்தகராறு. பேருந்து நிலையத்தில் பைக் நிறுத்தும் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 15 ஆக்கியதும் அந்த 62-ல் ஒன்று. மூன்று வாரம் கழித்து டோக்கன் வாங்கும்போதுதான் அது ஊருக்குத் தெரிந்தது.

அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். ஒரு நாளிதழுக்கு ஒன்பது வருடம் தாலுகா நிருபராக இருந்தேன். மாதம் கைக்கு வந்தது 2,500 ரூபாய். மிச்சத்தை விளம்பர கமிஷனில் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கல் மலர், தீபாவளி மலர், தலைவர் பிறந்தநாள் என்று மூன்றுக்கும் இலக்கு உண்டு. அதை நிரப்ப நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்? ரோடு காண்டிராக்டர், தனியார் பள்ளித் தாளாளர், பார்க்கிங் ஏலம் எடுத்தவர். அவர்களைப் பற்றி எழுதாதே என்று ஆபீசில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது திருச்சிக்கு மேற்கே ஒரு தாலுகா தலைநகரில் நாங்கள் சில பேர் சேர்ந்து, லாப நோக்கம் இல்லாமல், கோயில் திருவிழாவுக்கு ஊரில் வசூலிக்கும் தலைக்கட்டு வரி மாதிரி, ஊர்க்காரர்கள் கொடுக்கும் மாதப் பணத்தில் செய்தி நடத்துகிறோம். "எங்க ஊர்லயும் பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று அடிக்கடி போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். இதில் பாதி, நாங்கள் தப்பாகச் செய்து அப்புறம் திருத்திக்கொண்டது.

முதல் மூன்று மாதம்: பெயர் வேண்டாம், லோகோ வேண்டாம்

வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் காட்டுவது லோகோவைத்தான். அதை எடுத்து வைத்துவிட்டு, ஐம்பது பேரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்பேன். டீக்கடைக்காரர், சத்துணவு அமைப்பாளர், ஆட்டோ ஸ்டாண்ட், மகளிர் குழுத் தலைவி, மாவு மில், வக்கீல் குமாஸ்தா, காலனி, அக்ரகாரம், பள்ளிவாசல் தெரு என்று எல்லாத் தெருவும் அதில் வர வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஐம்பது பேரைப் பார்த்தால், உங்கள் சாதிக்கும் தெருவுக்கும் மட்டும் ஒரு பத்திரிகை நடத்துவீர்கள். அது தெரியாமலே நடத்துவீர்கள்.

"உங்களுக்கு என்ன செய்தி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "நல்ல செய்தியா போடுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: "போன வாரம் எதையாவது தெரிஞ்சுக்க நாலு பேருக்கு போன் போட்டீங்களா? எதுக்கு?" இதற்கு உண்மையான பதில் வரும். தண்ணீர் எப்போது விடுவார்கள், மாதாந்திர மின்தடை என்றைக்கு, ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, ஆறரை மணி டவுன் பஸ் ஏன் வரவில்லை, யார் வீட்டில் துக்கம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். எங்கள் நோட்டில் முதல் பக்கம் முழுக்கத் தண்ணீர்தான்.

ஆகவே தண்ணீரில் தொடங்கினோம். எந்த வார்டுக்கு என்றைக்கு எத்தனை மணிக்கு என்று தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி போகும். வால்வு திறப்பவரோடு பழக்கமாகிவிட்டால் போதும், அது ஒன்றும் பெரிய துப்பறியும் வேலை இல்லை. ஆனால் மூன்று மாதம் ஒருநாள் கூட விடாமல் அனுப்பினால், நான்காவது மாதம் நீங்கள் அனுப்பும் டெண்டர் கணக்கையும் படிப்பார்கள். நேராக ஊழல் செய்தியில் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். "எந்தக் கட்சிக்காரன் ஏத்திவிடறான்?" என்பதுதான் ஊரில் எழும் முதல் கேள்வி.

ஒரு தொழில்நுட்ப விஷயம். வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள், சேனல் தொடங்குங்கள். குரூப்பில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும், பெண்கள் சேரத் தயங்குவார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே செய்தி காணாமல் போகும், தேர்தல் வந்தால் அடிதடி. சேனலில் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. பதில் சொல்ல விரும்புவோருக்குத் தனியாக ஒரு போன் எண் கொடுத்துவிடுங்கள். இணையதளம் ஆறு மாதம் பொறுக்கும்.

"சமுதாய வானொலி தொடங்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 போல அருமையாக நடப்பவை இருக்கின்றன. ஆனால் இந்தியாவில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். குடிநீர், மின்தடை அறிவிப்பு வரைக்கும் சரி. நகர்மன்றத்தில் என்ன நடந்தது என்று சொல்ல அது இடமில்லை.

எதை விடாமல் பார்க்க வேண்டும்

ஆள் குறைவு என்பதால் எல்லாவற்றையும் துரத்த முடியாது. விபத்து, கொலை, நகைப் பறிப்பு எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். யாரும் உட்காராத நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டும்.

நகர்மன்றக் கூட்டம் முதலாவது. கூட்டத்துக்கு முன்பே பொருள் பட்டியலைக் கவுன்சிலர்களுக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு கவுன்சிலர் உங்களுக்கு அதைக் காட்டினால் போதும், எதிர்க்கட்சிக்காரர் பெரும்பாலும் காட்டுவார். கூட்டத்துக்கு முந்தின நாள் இரவே படித்து, ஊரைப் பாதிக்கும் ஐந்து பொருள்களை எளிய தமிழில் எழுதிப் போடுங்கள். "நாளை இது வருகிறது" என்று முன்கூட்டியே சொல்வது, "நேற்று இது நடந்தது" என்பதைவிடப் பத்து மடங்கு பயன். குப்பை வரி உயர்வு வருகிறது என்று நாங்கள் முந்தின நாள் போட்டபோது, மறுநாள் மன்ற வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து நிறைவேறிவிட்டது, அது வேறு.

கிராமங்களுக்குக் கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரே நாளில் எல்லா ஊராட்சியிலும் நடப்பதால் உங்கள் ஆள் ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். மற்ற ஊர்களில் ஒரு கல்லூரி மாணவியையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோ பிடித்து, மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வாங்குங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், வரவு செலவு வாசித்தார்களா, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பத்து ஊரிலிருந்து வரும் இந்த மூன்று பதிலை ஒரு அட்டவணையாகப் போட்டால் அதுவே ஒரு செய்தி. 2025 ஜனவரி 5-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவரே இல்லாத ஊரில் கேள்வி கேட்க இன்னும் ஆள் தேவை.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. புதியவர்கள் செய்யும் தவறு, "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்பது. ஏன் என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். "இன்ன தெருச் சாலைப் பணியின் மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அளவுப் புத்தகத்தை ஆபீசில் 'எம்-புக்' என்பார்கள். எத்தனை மீட்டர், எத்தனை தடிமன் என்று அளந்து எழுதிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த நகலையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், செய்தி தானாக எழுதிக்கொள்ளும். நாங்கள் அளந்த முதல் சிமென்ட் சாலையில் புத்தகம் ஆறு அங்குலம் என்றது. ஓரத்தில் குழாய்க்காகத் தோண்டிய குழியில் ஸ்கேலை வைத்துப் பார்த்தோம், நாலுக்குக் கொஞ்சம் மேலே. ஸ்கேலோடு எடுத்த படம்தான் எங்கள் ஊரில் அதிகம் பகிரப்பட்ட படம்.

பதிவு: அறக்கட்டளையா, சங்கமா, கம்பெனியா?

மாதப் பணம் வாங்கத் தொடங்குமுன் ஒரு அமைப்பு வேண்டும். உங்கள் சொந்த ஜிபே எண்ணில் ஊர்ப் பணத்தை ஒரு நாள் கூட வாங்காதீர்கள். பிற்பாடு எவ்வளவு நேர்மையாகக் கணக்குக் காட்டினாலும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வழி மூன்று. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். எளிது, செலவு குறைவு. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர், ஆண்டுதோறும் பொதுக்குழு, அவ்வப்போது தேர்தல். மூன்றாவது, கம்பெனிச் சட்டம் 2013-ன் 8-ஆவது பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனி. கணக்கு வழக்குகள் கறாராக இருக்கும், ஆடிட்டர் செலவும் அதற்கேற்ப.

இப்படி நடத்தும் முன்னோடிகள் இருக்கிறார்கள். 'தி வயர்' செய்தித் தளத்தை 2015 முதல் நடத்துவது 8-ஆவது பிரிவுக் கம்பெனி. பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' கிராமப்புற இந்தியக் களஞ்சியத்தை நடத்துவது கவுன்டர்மீடியா அறக்கட்டளை. பெங்களூரில் 2008-ல் தொடங்கிய 'சிட்டிசன் மேட்டர்ஸ்' குப்பை, ஏரி, வார்டு கமிட்டி என்று உள்ளூர் விஷயங்களை மட்டுமே எழுதி, சென்னைக்கும் வந்தது. அதை நடத்துவது ஊர்வாணி என்ற அறக்கட்டளை. உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூட்டில் 2002-ல் 'கபர் லகரியா' தொடங்கியபோது, தலித் பெண்கள் உட்படக் கிராமத்துப் பெண்களே புந்தேலி மொழியில் எழுதி, அச்சடித்து, கையில் எடுத்துப்போய் விற்றார்கள். சிறு ஊரில் தொடங்க நினைப்பவர்கள் கடைசி இரண்டையும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: சிறு ஊருக்கு அறக்கட்டளையே போதும். சங்கம்தான் ஜனநாயகம் என்று வாதாடுவார்கள், நானும் முதலில் வாதாடினேன். ஆனால் நகராட்சித் தேர்தல் நெருங்கும்போது ஒரே வாரத்தில் முப்பது புது உறுப்பினர் விண்ணப்பம் வந்தால் என்ன செய்வீர்கள்? சங்கத்தைக் கைப்பற்றுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. அறக்கட்டளையின் ஆபத்து நேர் எதிர், அது குடும்பச் சொத்தாகிவிடும். அதனால் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்: அறங்காவலர் பதவி மூன்றாண்டு, இரண்டு முறைக்கு மேல் இல்லை. ஒரே குடும்பத்தில் இருவர் கூடாது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர், உள்ளாட்சிக் காண்டிராக்டர், பதவியில் உள்ள பிரதிநிதி கூடாது. செய்தியை முடிவு செய்வது ஆசிரியர் மட்டும், அறங்காவலர்கள் தலையிட முடியாது. இந்தக் கடைசி வரியைச் சேர்த்தபோது பத்திர எழுத்தர் ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப டிரஸ்டி எதுக்கு சார்?" என்றார்.

வருமான வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வரி விலக்குக்கு 12ஏபி, நன்கொடையாளருக்குச் சலுகை கிடைக்க 80ஜி என்று இரண்டு பதிவுகளைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரைக் கேளுங்கள். பொதுநல நோக்கம் என்ற தலைப்பில் பதிந்தால், விளம்பரம் மாதிரி வியாபார வரவு மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம், பதிவு கிடைத்தாலும் நிலைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். 'தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' என்ற புலனாய்வுக் குழுவின் லாப நோக்கமற்ற அந்தஸ்தை வருமான வரித் துறை ரத்து செய்துவிட்டதாக 2025 ஜனவரியில் அவர்களே அறிவித்தார்கள். இதழியல் பொதுநலப் பணி ஆகாது என்று காரணம் சொல்லப்பட்டதாம். கர்நாடகத்தில் கன்னடத்தில் எழுதும் 'தி ஃபைல்' தளத்துக்கும் அதே கதி.

மாதம் நூறு ரூபாய் கொடுக்கிறவருக்கு 80ஜி ரசீது தேவையே இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையவும் கிடையாது. லட்சம் கொடுக்கிறவர்தான் ரசீது கேட்பார். ஆக, சின்னப் பணத்தில் நிற்கிற நிறுவனத்துக்கு அந்தப் பதிவு போனாலும் அடி விழும், உயிர் போகாது.

வெளிநாட்டுப் பணம் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்ப ஆசைப்படுவார்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பதிவுபெற்ற பத்திரிகைகளும் ஒலி ஒளி வழியாகச் செய்தி தருபவர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது. அங்கே வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் நிலை வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் நிலை வேறு. இதை ஒவ்வொருவரிடமும் விசாரித்து உறுதி செய்ய ஆள் இல்லாத வரை, உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து வருவதை மட்டும் வாங்குங்கள்.

சட்டத்தில் கால் வைக்கும் இடங்கள்

அச்சுக்கும் இணையத்துக்கும் விதி வேறு. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 2023, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் ஒதுக்கீடு, பதிவு எல்லாம் இப்போது பிரஸ் சேவா தளத்தில் ஆன்லைனில். ஒழுங்கான இடைவெளியில் அச்சிட்டுச் செய்தி வெளியிட்டால் பதிவு வேண்டும். நாங்கள் வாரம் ஒரு ஏ4 தாளை நகலெடுத்து டீக்கடைகளில் ஒட்டிக்கொண்டிருந்தோம். இதுவும் பத்திரிகைதானே, பதிவு எண் எங்கே என்று ஒருநாள் விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பெயர் விண்ணப்பம் போட்டோம். நீங்கள் முன்பே போட்டுவிடுங்கள்.

இணையத்தில் மட்டும் வெளியிட்டால் அந்தச் சட்டம் வராது. ஆனால் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தொடங்கி 30 நாளுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உங்கள் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். அதே விதிகளில் நெறிமுறை சார்ந்த சில பகுதிகளுக்கு 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. தடை இருக்கட்டும். புகார் வாங்க ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் எண்ணையும் போட்டுவைப்பது உங்களுக்கே நல்லது. புகார் கொடுக்க வழியில்லாதவர் நேராக வக்கீலிடம் போவார்.

அவதூறு வழக்கு வரும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆவது பிரிவு. செய்தி உண்மையாகவும் பொதுநலனுக்காகவும் இருந்தால் பாதுகாப்பு உண்டு, ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் கேள்வி அனுப்புங்கள், நேரம் தெரியும்படி சேமித்து வையுங்கள், பதில் சொல்ல ஒரு நாளாவது கொடுங்கள். "போனில் தொடர்பு கொண்டபோது எடுக்கவில்லை" என்று ஒரே ஒரு மிஸ்டுகாலை வைத்து எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம் மட்டுமில்லை, தெரு, பள்ளி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதும் கூடாது. சிறு ஊரில் "இன்ன தெரு டெய்லர் மகள்" என்றாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். தற்கொலைச் செய்தியில் முறையை எழுதாதீர்கள், 104 என்ற உதவி எண்ணைப் போடுங்கள்.

பணம்

எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. மச்சு வீட்டுக்காரருக்கும் கூரை வீட்டுக்காரருக்கும் ஒரே தொகை. வசூலிக்கும் விதத்தில் ஆயிரம் குறை உண்டு. பெண்களுக்குக் கணக்கே இல்லை, கொடுக்காதவரை ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் அதில் சரி. எல்லோரும் ஒரே தொகை கொடுத்திருப்பதால் வரவு செலவு வாசிக்கும்போது எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் உபயதாரர் பெயர் எழுதிய ட்யூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள், பெயர் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறையும். பெரிய நன்கொடை அப்படித்தான் வேலை செய்யும்.

எவ்வளவு தேவை? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முழுநேர நிருபர் ஒருவர் 18,000, பகுதிநேரம் இரண்டு பேர் தலா 6,000, பெட்ரோல் 4,000, போன், இணையம், சர்வர் 2,500, நகல், மனுச் செலவு 3,500, ஆடிட்டர், வக்கீல் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 3,000, அறை வாடகை 3,000. மொத்தம் 46,000. மாதம் நூறு ரூபாய் என்றால் 460 பேர். ஒரு தாலுகாவில் 460 பேர் கிடைப்பார்களா என்றால், கிடைப்பார்கள், முதல் வருடத்தில் இல்லை. நூறு பேரை எட்டும் வரை நிருபருக்குச் சம்பளம் உறுதி செய்ய ஆறு மாதப் பணத்தை முன்பே திரட்டி வைத்துக்கொண்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது மாதமே விளம்பரத்துக்குப் போய் நிற்பீர்கள்.

எங்கள் விதி: ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. 1,000-க்கு மேல் கொடுப்பவர் பெயர் பட்டியலில் வரும். கட்சி, வேட்பாளர், உள்ளாட்சிக் காண்டிராக்டர் பணம் எந்த வடிவத்திலும் கிடையாது. பிரஸ் மீட்டில் கவர் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், மேசையில் வைத்துவிட்டு வந்தால் போதாது. பின்னால் "வாங்கிட்டான்" என்று எழுதி வைத்துக்கொள்வார்கள்.

வசூலுக்கு யுபிஐ ஆட்டோபே வசதியானது. ஒரு முறை சம்மதித்துவிட்டால் மாதாமாதம் தானாக வரும், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் போட வேண்டியதில்லை. தேதியை மட்டும் பார்த்து வையுங்கள். நாங்கள் முதலில் 28-ஆம் தேதி வைத்தோம், பாதி திரும்பி வந்தது. மாசக் கடைசியில் யார் கணக்கில் பணம் இருக்கும்? இப்போது 6-ஆம் தேதி. ஆனால் ஊரில் கால்வாசிப் பேருக்கு ஆட்டோபே என்றாலே பயம், "மொத்தமா உருவிட்டா?" என்பார்கள். அவர்களுக்கு ரசீதுப் புத்தகம். எங்களுக்குப் பேப்பர் போடுகிற ஒரு அண்ணனே வீடு வீடாக வாங்கி வருகிறார், அவருக்குப் பத்து சதவீதம். வீட்டு வாசலில் நின்று வாங்கும்போது நூறு ரூபாயோடு நாலு செய்தியும் வருகிறது.

காசு கொடுக்காதவருக்குச் செய்தி கிடையாது என்று பூட்டுப் போடாதீர்கள். தண்ணீர் நேரத்தைப் பூட்டி வைத்தால் ஊர் சிரிக்கும். எல்லோருக்கும் இலவசமாகப் போகிற செய்திக்கு ஏன் காசு கொடுக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. மாவு மில் அக்கா ஒருவர்தான் புரிய வைத்தார். "நான் கூட்டத்துக்குப் போக முடியாது தம்பி, மில்லை யார் பாக்குறது? நீ போய் உக்காரு, அதுக்குத்தான்."

தப்பு செய்தால்

செய்வீர்கள். வடிகால் பணியில் தாமதம் பற்றிய செய்தியில் காண்டிராக்டர் பெயரை நாங்கள் இனிஷியல் இல்லாமல் போட்டோம். எங்கள் ஊரில் அதே பெயரில் இரண்டு காண்டிராக்டர்கள், இனிஷியல்தான் வேறு. காலையில் டீக்கடையில் அந்த இன்னொருவர் போனை நீட்டினார். "பேரு என்னுதுதான் தம்பி. வேலை என்னுது இல்ல. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாளைக்கு வராங்க." அரை மணி நேரத்தில் திருத்தம் போட்டோம், அசல் செய்தி போன அதே சேனலில், அதே அளவில், "நாங்கள் தவறாக எழுதினோம்" என்று தொடங்கி. பழையதைச் சத்தமில்லாமல் அழிக்கவில்லை. எந்த வரியைத் திருத்தினோம் என்று சொன்னோம். அவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் இன்றுவரை என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைப்பதில்லை. அன்றிலிருந்து ஒரு விதி: எந்தப் பெயரும் இனிஷியல், அப்பா பெயர், தெரு மூன்றையும் நோட்டில் எழுதாமல் செய்தியில் ஏறாது.

யாரை வேலைக்கு வைப்பது

பத்திரிகைப் படிப்பு படித்தவரைத் தேடி அலையாதீர்கள். படித்தவர்கள் சென்னைக்குப் போய்விடுவார்கள், அது நியாயமும் கூட. கணக்குப் பார்க்கத் தெரிந்த, கூச்சமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கிற உள்ளூர்ப் பெண் ஒருவர் கிடைத்தால் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நிருபர் முன்பு மகளிர் குழுக் கணக்கு எழுதியவர். எம்-புக்கில் கூட்டல் தப்பை முதலில் பிடித்தது அவர்தான், நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தேன். சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் கொடுங்கள், பைக்குக்குப் பெட்ரோல் கொடுங்கள், இரவு வேலைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு நாள்

வருடம் ஒருமுறை கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை இலவசமாகக் கேட்டு வாங்காமல் வாடகை கொடுத்து எடுத்து, பணம் கொடுத்தவர் கொடுக்காதவர் எல்லோரையும் கூப்பிடுகிறோம். வரவு செலவு முழுவதும் திருவிழா நோட்டீஸ் மாதிரி அச்சடித்து நாற்காலியில் வைத்திருப்போம். எதை எழுதினோம், எதை எழுத முடியாமல் விட்டோம், எத்தனை திருத்தம் போட்டோம் என்று ஆசிரியர் சொல்வார். பிறகு மைக் ஊர்க்காரர்களிடம்.

முதல் வருடக் கூட்டத்துக்கு நான் விதவிதமான கேள்விகளுக்குத் தயாராகிப் போயிருந்தேன்: கட்சிச் சார்பு, சாதி, ஏன் இதை எழுதவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நோட்டீசைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு எழுந்தார். "டீச் செலவு வருஷத்துக்கு 7,340 ரூபாய்னு போட்டிருக்கு. யார் யார் குடிச்சது?"

பில்களைக் கொண்டுவரச் சொன்னோம். வரும்வரை அவர் உட்காரவே இல்லை.